கீழயே அழுத்துங்க

நாற்பதைத் தாண்டியவர்கள்தான் படிப்பீர்கள் என்று நினைத்து இதை எழுதுகிறேன். வீடியோ கேம் பெட்டியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தால்தான் ஓடும் ஒரு காலம் இருந்தது என்று சொன்னால் சின்னவர்கள் நம்ப மாட்டார்கள். என் மகள் நம்பவில்லை. நீங்கள் நம்புவீர்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா மகன் ஒரு படம் போட்டார். வெளிநாட்டிலிருந்து அவர் போடுவதெல்லாம் பனி, கார், குழந்தைகளின் பிறந்தநாள் கேக். இந்த முறை ஒரு வீடியோ கேம். “நம்ம கேமைப் புதுசு பண்ணி உட்டுருக்கானுக. ஞாபகம் இருக்குதா?” என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கிற முகம் இரண்டு வைத்திருந்தார். அதற்குக் கீழே அத்தை கும்பிடும் கை போட்டார். அத்தை எல்லாவற்றுக்கும் கும்பிடும் கைதான் போடுவார்.

எனக்குப் பயம் வந்தது. எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள்தான். காஸ் மூடினேனா என்று சந்தேகம் வந்து பெருந்துறை பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பி நடக்கிற ஆள் நான். ஆனால் அன்றைக்கு வந்தது அந்தப் பயம் இல்லை. என் படிப்பு போனது இந்த விளையாட்டால். பத்தாவதில் மூன்று மாதம் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். எங்கள் சொந்தத்தில் யாரைக் கேட்டாலும், “அவளுக்கு மாமன் மகன்மேல மனசு, படிப்பு எங்க ஏறும்?” என்பார்கள். இருபத்தைந்து வருடமாக அப்படித்தான் சொல்கிறார்கள். அது உண்மை இல்லை என்று ஒரு தடவையாவது எழுத்தில் வைத்துவிட வேண்டும்.

விளையாட்டு இதுதான். ஒரு பண்ணை. அதில் ஒரு பிராணி. உலகத்தில் இல்லாத பிராணி. அதற்குத் தீனி போட வேண்டும், வேலை பழக்க வேண்டும், ஓய்வு கொடுக்க வேண்டும், வளர்ந்ததும் போட்டிக்குக் கூட்டிப்போக வேண்டும். அதற்கும் வயதாகும். ஒருநாள் செத்துப்போகும். செத்தால் செத்ததுதான்.

மகள் புதியதை என் போனில் இறக்கிக் கொடுத்தாள். போன் வெடிக்குமா, பாங்கியிலிருந்து மெசேஜ் வருமா என்று நான் கேட்ட கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னாள். இப்போது அவள் பத்தாவது படிக்கிறாள். விளையாட்டு தொட்டவுடன் திறந்துகொண்டது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

பழையதைத் திறப்பது அத்தனை லேசில்லை. கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் மாமா வீட்டு மாடியறை. டி.வி.க்குக் கீழே ஸ்டெபிலைசர். அது ‘டக்’ என்று ஒரு தட்டுத் தட்டிய பிறகுதான் எதையும் போட வேண்டும் என்பது மாமாவின் உத்தரவு. பெட்டி சாம்பல் நிறம். சிங்கப்பூரிலிருந்து யாரோ பழசாகக் கொண்டுவந்தது. சி.டி.யைப் படிக்கிற கண் தேய்ந்துபோய், நிமிர்த்தி வைத்தால் படம் வராது. கவிழ்த்துப்போட்டு இரண்டு பக்கமும் அத்தையின் நூல்கண்டை முட்டுக் கொடுத்தால் ஓடும். உள்ளே சி.டி. சுற்றுவது முறத்தில் அரிசி புடைப்பதுபோலக் கேட்கும். கொஞ்ச நேரத்தில் சூடான பிளாஸ்டிக் வாசனை வரும். அந்த வாசனை வந்தால்தான் எனக்கு வயிற்றுக்குள் ஒரு நிம்மதி. போனும் சூடாகத்தான் செய்கிறது. அது பயமுறுத்துகிற சூடு.

அது மாமா மகன் பத்தாவது எழுதி முடித்த லீவு. எனக்கு ஒன்பதாவது முடிந்த லீவு. எங்கள் ஊர் தொண்டாமுத்தூர்ப் பக்கம். அப்பாவுக்குத் தென்னையும் காய்கறியும். ஜூனில் பத்தாவது ஆரம்பிக்கிறதே, கணக்கு டியூஷன் போகட்டும் என்று அம்மா என்னை மாமா வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். எனக்குக் கணக்கு நன்றாக வரும். பத்தாவதில் நல்ல மார்க் எடுத்து, மேலே சயின்ஸ் குரூப் எடுக்க வேண்டும் என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நடக்காமல் போய்விடுமோ என்று பயம்.

பதினாறு வயதுப் பையனை ‘அவர்’ என்று எழுதுகிறேனே என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஒன்றரை வயது மூத்தவர், மாமா மகன், கட்டிக்கொள்கிற முறை. எங்கள் பக்கம் ‘வாங்க, போங்க’ தவிர வேறு வாயில் வராது. சண்டை போடும்போதும், “நீங்க ஒரு லூசுங்க மச்சான்” என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

விளையாட்டு சி.டி.யை உக்கடம் பக்கம் ஒரு கடையில் வாங்கியிருந்தார். கடைக்கார பாய் ஒரு ரகசியம் சொல்லி அனுப்பினாராம். “இது ஜப்பான் தட்டு தம்பி, ஒரு எழுத்தும் புரியாது. ஆனா ஒரு விசேஷம் இருக்கு. திரையில மூடி மாதிரி படம் வந்துச்சுன்னா, பொட்டியோட மூடியத் தொறந்து வூட்ல இருக்கற ஏதாச்சும் ஒரு சி.டி.யப் போடுங்க. அதுக்குள்ளருந்து ஒரு உசுரு எந்திரிச்சு வரும்.”

பொய் என்றுதான் நினைத்தேன். மாமா மகன் கீழே போய் அத்தையின் சாமி பாட்டு சி.டி.யை எடுத்தார். அத்தை பின்னாலேயே வந்துவிட்டார்.

“அதைய எங்கீடா கொண்டு போற?”

“இதுக்குள்ள ஒரு மிருகம் இருக்குதுங்ம்மா.”

“சாமி பாட்டுல இருந்து பேயக் கூப்பிடறீங்களா ரெண்டு பேரும்? வெச்சுப்போட்டுப் போ.”

மிச்சம் இருந்தது மாமாவின் இங்கிலீஷ் பேசப் பழகும் சி.டி. கோயமுத்தூரிலேயே யாரோ தயாரித்து, ஆபீஸ் ஆபீஸாக ஏறி விற்றது. மாமா ஒரு நாளும் கேட்டதில்லை. பெட்டியை நிமிர்த்தி, மூடியைத் திறந்து, அதைப் போட்டு, மறுபடி கவிழ்த்து, நூல்கண்டுகளை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அரிசி புடைக்கிற சத்தம் நின்றது. திரையில் வெளிச்சம். அதற்குள்ளிருந்து அது வந்தது. கன்றுக்குட்டி உயரம். மஞ்சள் கரைத்த தண்ணீரின் நிறம். முதுகு பலாக்காய்த் தோல்போல முள்முள்ளாக. காது ஒன்றுதான். பெயர் வைக்கச் சொல்லி எழுத்துகள் வந்தன. படிக்கத் தெரியாததால் முதல் எழுத்தையே ஆறு தடவை அழுத்தினோம். அதன் பெயர் என்னவென்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. ‘அது’ என்றுதான் கூப்பிட்டோம்.

புதியதில் சி.டி. கிடையாது. போனில் எங்கே போட? பதிலுக்கு ஒரு பெரிய பட்டியல் வைத்திருக்கிறார்கள். உலகத்தில் வந்த பாட்டு சி.டி.களின் பெயர்களை அடித்துத் தேடலாம், அதற்குரிய பிராணி வரும். நான் மாமாவின் சி.டி.யைத் தேடினேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி, வேறு வேறு விதமாக அடித்துப் பார்த்தேன். இல்லை.

“நம்மூரு ஆளு போட்ட சி.டி. அவங்களுக்கு எப்படிம்மா தெரியும்?” என்றாள் மகள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏதேதோ பெயர்களைப் போட்டு ஒற்றைக் காதுப் பிராணி ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். நீல நிறம். அதை வைத்துக்கொண்டேன்.

நான் சொல்ல வந்தது மேலும் கீழும் பற்றி. ஒவ்வொரு வாரமும் பிராணி வேலை செய்து முடித்ததும் திரையில் இரண்டு வரி வரும். ஜப்பான் எழுத்தில், மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேல் வரியை அழுத்தினால் அது துள்ளிக் குதித்தது. காதை ஆட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடியது. கீழ் வரியை அழுத்தினால் தலையைத் தாழ்த்திக் கண்ணை மூடி அப்படியே நின்றது.

மாமா மகனுக்கு மேல்தான் பிடித்தது. நான் விடவில்லை.

“அது பயந்துக்குதுங்க மச்சான். குதிக்கறதப் பாருங்க. ஏதோ அடிக்கற மாதிரி இருக்குது.”

“கீழ போட்டா தூங்கிப்போகுதே?”

“தடவிக் குடுக்கறதா இருக்குமுங்க. எப்படிச் சத்தங்காட்டாம பொட்டாட்ட நிக்குது பாருங்க.”

அவருக்கு யோசிக்கப் பொறுமை இல்லை. “சேரி, கீழயே போடறேன் போ” என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் கீழ். பண்ணையில் ஒரு வாரம் என்றால் நமக்கு இரண்டு நிமிடம். ஒரு நாளைக்கு எத்தனை வாரம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அது தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி நின்றது. எவ்வளவு அடக்கமான பிராணி என்று எனக்கு அதன்மேல் உயிர். மத்தியானம் அத்தை அரிசிம்பருப்புச் சாதத்தைத் தட்டில் போட்டு மாடிக்கே கொண்டுவந்து வைப்பார். நெய் வாசனையும் பிளாஸ்டிக் வாசனையும் ஒன்றாகக் கலக்கும். நாங்கள் இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். எந்தப் பக்கம் யார் கை போகிறது என்றுகூடத் தெரியாது. கதவோரம் நின்று அத்தை பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இப்போதுதான் ஞாபகத்தில் வருகிறது. அவர் டி.வி.யைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. நான் தொண்டாமுத்தூர் போய்விட்டேன். சனிக்கிழமை மட்டும் பஸ் ஏறி டியூஷனுக்கு வருவேன். மற்ற நாளெல்லாம் கவலைதான். சாயங்காலம் வந்து யூனிபார்மைக்கூட மாற்றாமல் போனை எடுப்பேன்.

“மச்சான், இன்னைக்கு என்ன தீனி போட்டீங்க? களைச்சாப்பல தெரியுதுங்களா?”

“நல்லாத்தான் இருக்குது.”

“கீழதானே அழுத்துனீங்க?”

“ஆமா தாயே.”

“கீழயே அழுத்துங்க. மறந்துபோடாதீங்க.”

அடுக்களையிலிருந்து அம்மா பார்ப்பாள். ஒரு நாள் தவறாமல் பெண் போன் செய்கிறாள், வைக்கும்போது முகத்தில் ஒரு நிம்மதி இருக்கிறது என்று கண்டிருக்கிறாள். என்ன பேசுகிறாள் என்று அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்பது நாகரிகமில்லை என்று நினைத்திருப்பாள்.

ஜூலையில் மாமா மகனை நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பதினொன்றாவதும் பன்னிரண்டாவதும் அடைத்து வைத்துப் படிக்க வைக்கிற இடம். நம் பக்கத்துப் பையன்கள் பாதிப் பேர் அப்படித்தானே இஞ்சினியர் ஆனார்கள். போன் கிடையாது, டி.வி. கிடையாது, மாதம் ஒரு ஞாயிறு பெற்றோர் போய்ப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்ப வேண்டும். முந்தின நாள் சனி. நான் டியூஷன் முடித்து மாடிக்கு ஓடினேன்.

அது அன்றைக்குச் செத்தது.

பண்ணையில் வேலைக்கு அனுப்பினோம், திரும்பி வரவில்லை. திரை இருட்டாகி, மெதுவான ஒரு பாட்டு வந்தது. அது புல்லில் படுத்திருந்தது. கீழே ஜப்பான் எழுத்தில் ஏதோ நீளமாக ஓடியது. கடைசியாக வேலி மட்டும் தெரிந்தது. மாமா மகன், “போச்சு” என்று சொல்லிவிட்டுப் பெட்டியை அணைத்தார். டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கக் கீழே போய்விட்டார். அவருக்கு ஹாஸ்டல் பயம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

நான் அழ ஆரம்பித்தேன். ராத்திரி சாப்பிடவில்லை. காலையிலும் நிற்கவில்லை. கார் கிளம்பும்போது கேட்டைப் பிடித்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தேன். கார் திரும்பிப் போன பிறகும் நின்றேன். அத்தை என் தலையைத் தடவி, “அழுவாத கண்ணு. எங்க போயிறப் போறான்? ரெண்டே வருசம்” என்றார்.

“அதுக்கில்லைங்த்தை. அது செத்துப்போச்சுங்த்தை.”

“எது கண்ணு?”

“டி.வி.ல இருந்தது.”

அத்தை மாமாவைப் பார்த்தார். மாமா சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

அடுத்த வாரம் மாமாவும் அத்தையும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் காப்பி கொண்டுபோனேன். அவர்கள் பேச்சு நின்று, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். அத்தனை பேரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

“புள்ள மனசு தெரிஞ்சுபோச்சு. இனி நாம என்னத்துக்கு வெளியில தேடிக்கிட்டு?” என்றார் மாமா.

நான் அங்கேயே சொன்னேன். நான் அழுதது மச்சானுக்காக இல்லை, விளையாட்டில் வளர்த்த பிராணி செத்துப்போனதற்காக என்று. முழுசாகச் சொன்னேன். அப்பாதான் முதலில் சிரித்தார். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். “பொய்யக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியல பாரு, பாவம், வெக்கம்” என்றாள் அம்மா. அதன் பிறகு நான் எதைச் சொன்னாலும் வெட்கம்.

உண்மை தெரிந்த இன்னொரு ஆள் ஹாஸ்டலில் இருந்தார். கணக்கு நோட்டில் இரண்டு தாளைக் கிழித்து அவருக்குக் கடிதம் எழுதினேன். “இங்கே பெரியவர்கள் தப்பாக நினைத்துக்கொண்டார்கள். நான் எதற்காக அழுதேன் என்று உங்களுக்குத் தெரியும். மாமாவிடம் நீங்கள் சொன்னால் நம்புவார்கள். எனக்குப் பத்தாவது எழுத வேண்டும்.” இவ்வளவுதான். ஹாஸ்டலில் கடிதங்கள் வார்டன் கைக்குப் போகும் என்பது எனக்குத் தெரியாது. உறையின் பின்னால் பெண் பெயரைப் பார்த்ததும் அவர் அதைப் பிரிக்காமல் வைத்திருந்து, பார்க்கப் போன மாமாவிடம் கொடுத்திருக்கிறார்.

மாமா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையில் கடிதம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒட்டு அப்படியே இருந்தது.

“நான் பிரிக்கலை கண்ணு. சின்னஞ்சிறுசுக எழுதிக்கறதப் பெரியவங்க படிச்சா நல்லாவா இருக்கும்?”

“படிங்க மாமா. இப்பவே படிங்க.”

“படிக்கோணுமாமா!” என்று மாமா எல்லோரையும் பார்த்துச் சொல்ல, ஒரே சிரிப்பு. எவ்வளவு பெரிய மனுஷன் என்று அப்பாவுக்கு அவர்மேல் மரியாதை கூடிவிட்டது. கடிதத்தைக் கொண்டுபோய் மாமா வீட்டுச் சாமி அலமாரியில் வைத்துவிட்டார்களாம். ஆறு வருடம் அங்கேயே இருந்தது.

அடுத்த வளர்பிறையில் உப்புச்சர்க்கரை மாற்றினார்கள். நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து, உப்பும் சர்க்கரையும் மாற்றி, பேச்சை உறுதி செய்துகொள்வது. அதற்குப் பிறகு வார்த்தை மாறக் கூடாது. கல்யாணம் எனக்குப் பதினெட்டு முடிந்த பிறகு. பையன் அன்றைக்கு வர வேண்டிய முறை இல்லை, வரவில்லை. அவர் ஹாஸ்டலில் இருக்கிறார், ஒன்றும் தெரியாமல் பாடம் படித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அரக்கு நிறப் பட்டுப்புடவை. முதல் தடவையாகப் புடவை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டேன். “எத்தன அடக்கம் பாருங்க” என்று யாரோ சொன்னார்கள்.

திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்குப் பை எடுத்தேன். அப்பா சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இனி வேண்டாம் சாமி. பேச்சு முடிஞ்ச புள்ளைய பஸ்ஸுல அனுப்பறது நல்லா இல்லை. நாளைக்கு ஒண்ணுன்னா மாமன் முகத்துல எப்படி முழிக்கறது?”

கோபமாகச் சொல்லவில்லை. டி.சி. வாங்கப் போனபோது கணக்கு டீச்சர் வாசல்வரை வந்து கேட்டாராம், “பத்தாவது மட்டுமாச்சும் முடிக்கட்டுமே?” என்று. “நீங்க சொல்றது சேரிதானுங்க டீச்சர். ஆனா பேச்சு முடிஞ்சுபோச்சுங்களே” என்று அப்பா கும்பிட்டுவிட்டு வந்தாராம். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அத்தனை மரியாதையாகத்தான் எல்லாம் நடந்தது.

ஆறு வருடம். மாமா மகன் இஞ்சினியரிங் முடித்தார், வெளிநாட்டு வேலை கிடைத்தது. கிளம்புகிற நேரத்தில், “அது எனக்குத் தங்கச்சியாட்டம்” என்று சொல்லிவிட்டார். மாமா எங்கள் வீட்டு வாசலில் நின்று அழுதார். அத்தை கடிதத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தார். ஒட்டு அப்போதும் பிரியவில்லை. கடிதத்தைப் பிரிக்காத பெருந்தன்மையை அத்தனை வருடம் காப்பாற்றியிருந்தார்கள். அப்புறம் எனக்குப் பெருந்துறையில் கல்யாணம் ஆனது. வீட்டுக்காரர் மில்லில் சூப்பர்வைசர், நல்ல மனிதர். தனியாகப் பத்தாவது எழுதியிருக்கலாமே என்பீர்கள். இரண்டு தடவை விண்ணப்பம் போட்டேன். இரண்டு தடவையும் ஹால் கதவுவரை போனேன். மார்பு படபடவென்று அடித்து, கண் இருட்டி, திரும்பி வந்துவிட்டேன்.

இப்படியெல்லாம் ஆன பிறகும் மாமா மகன்மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. அவரைக் கேட்காமல் பேசினார்கள், கேட்காமல் முடித்தார்கள், அவரும் என்னைப்போலத்தான் என்று இருபத்தைந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். சொந்தத்தில் எனக்கு ஒரு கூட்டாளி இருக்கிறார் என்கிற மாதிரி. அதனால்தான் அவர் படம் போட்டதும் விளையாட்டை இறக்கச் சொன்னேன்.

புதியதில் எழுத்தெல்லாம் இங்கிலீஷ். நீலப் பிராணி ஒரு வாரம் வேலை செய்துவிட்டு வந்து நின்றது. மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி. என் விரல் தானாகக் கீழே போனது. அது தலையைத் தாழ்த்திக் கண்ணை மூடியது. அதே நிற்பு. பழையதில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது இதில் துலக்கமாகத் தெரிகிறது. கண்ணை மூடுவதற்கு முன்னால் உதடு லேசாகக் கோணுகிறது. பழைய டி.வி.யில் அது எங்களுக்குத் தெரிந்ததே இல்லை. கீழ் வரியை எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். வரவில்லை. மகளைக் கூப்பிட்டேன்.

“ஸ்கோல்டும்மா. திட்டறது. மேல இருக்கறது பாராட்டறது.”

“அப்பறம் எதுக்குக் குதிக்குது?”

“சந்தோஷத்துலதாம்மா குதிக்குது. வேற எதுக்குக் குதிக்கும்?”

அவளே இன்னும் கொஞ்சம் படித்துச் சொன்னாள். ஓயாமல் திட்டினால் அதற்கு மனசு ஒடியுமாம், ஆயுசு குறையுமாம். “கவலப்படாதம்மா. இதுல செத்தாக்கூட போன வாரத்துக்குத் திரும்பிப் போயிக்கலாம், பழசு சேவ் ஆகியிருக்கும்” என்றாள். பழையதில் அப்படித் திரும்பிப் போக வழியில்லை. விளையாட்டைச் சேமிக்க ஒரே ஒரு கார்டுதான். அதில் ஒன்றை வைத்தால் முந்தினது அழிந்துபோகும்.

அந்தப் பழைய ஒற்றைக் காதுப் பிராணியை நான்தான் கொன்றிருக்கிறேன். ஒரு கோடை முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்தும், அப்புறம் போன் போட்டுப் போட்டும் சொல்லி, நானே கொன்றிருக்கிறேன். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. புரிகிற ஆள் ஒருவர்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டேன்.

“மச்சான், நான்தானுங்க.”

“அம்மிணி! வெளையாண்டு பாத்தியா?”

“பாத்தனுங்க. நாம கீழயே அழுத்துனமே, அது திட்டறதாமுங்க. நாம தினமும் அதையத் திட்டிட்டே இருந்திருக்கறோமுங்க.”

அவர் சிரித்தார். “அது எனக்கு அப்பவே தெரியுமே. ரெண்டாவது வளத்துனப்பவே கண்டுபுடிச்சுட்டேன். மேல அழுத்தி அழுத்தி அது ஜம்முனு வந்துச்சு.”

“ரெண்டாவதுங்களா? நாம ஒண்ணுதானுங்களே வளத்துனோம்?”

“நீ இல்ல. நான் தனியா. ஆஸ்டல்ல இருந்து ரெண்டு நாள் லீவுல வந்தனல்ல, அப்ப.”

“எந்த லீவுங்க?”

“அதான், உங்கூட்டுல உப்புச்சக்கரை மாத்துனாங்கல்ல அம்மிணி. அதுக்குத்தான் லீவு. நான் ஊட்ல மாடியில இருந்தேன்.”

“உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நெனச்சனுங்க மச்சான்.”

“தெரியாம என்ன? அப்பா ஆஸ்டலுக்கே வந்து கேட்டாரு. ‘ஏப்பா, உனக்கும் அந்தப் புள்ளைக்கும் இஷ்டம்ங்கறாங்களே, நெசமா? நெசம்னா சொல்லு, உப்புச்சக்கரைய மாத்திப்போடலாம். ரெண்டு நாள் லீவு கேட்டுக் கூட்டிட்டுப் போறேன்’னாரு. வார்டன் பக்கத்துலயே நிக்கறான். நான் தலைய ஆட்டிப்போட்டேன்.” மறுபடி சிரித்தார். இந்தச் சிரிப்பு கொஞ்சம் சின்னது. “சின்ன வயசு அம்மிணி. அந்த வருசத்துல எனக்குக் கெடச்ச லீவே அந்த ரெண்டு நாள்தான். நீயும் சம்மதிச்சுட்டேன்னுதான அப்பா சொன்னாரு?”

அவர் தலையை ஆட்டிய அன்றுதான் வார்டன் மாமாவிடம் கடிதத்தைக் கொடுத்தது. மாமாவின் சட்டைப் பையில் அது இருந்திருக்கிறது. அவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு கை நீளம்தான்.

திட்டியிருக்கலாம். எனக்குத் திட்ட வராது. “அப்படீங்களா” என்றேன். “சேரிங்க மச்சான், அடுப்புல பால் வெச்சிருக்கறேன், பொங்கிரும். வெச்சர்றனுங்க” என்றேன். அடுப்பில் பால் இல்லை.

அப்பா போன பிறகு அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். முற்றத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் போய் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுதது எதற்காக என்று மறுபடி சொன்னேன். கடிதத்தில் என்ன எழுதியிருந்தேன் என்று முதல் தடவையாகச் சொன்னேன். மாமா மகன் எதற்காகத் தலையாட்டினார் என்று சொன்னேன். அம்மா இந்த முறை சிரிக்கவில்லை. கை வேலையை நிறுத்திவிட்டு முழுசாகக் கேட்டாள். நம்பினாள் என்று அவள் முகத்தில் தெரிந்தது. இருபத்தைந்து வருடம் கழித்து ஒரு ஆள் நம்பியாகிவிட்டது.

கண்ணில் தண்ணீர்கூட வந்தது அவளுக்கு. வெங்காயமாக இருக்காது.

“ரெண்டு நாளு ஊட்டுக்கு வர்றதுக்கு அந்தப் பையன் அப்படி ஏங்கிப்போயிருக்கறான் பாரு” என்றாள். “அந்த ஆஸ்டல்ல சோறே சரியில்லைன்னு உங்க அத்தை அப்பவே சொல்லுவா. பாவம், கொழந்தைதானே அவனும்.”

கொழந்தைதான். இல்லை என்று நான் சொல்லவில்லை. அடுத்த வார்த்தை என்னைப் பற்றி வரும் என்று உட்கார்ந்திருந்தேன். அம்மா மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள்.

“அந்தத் தட்டத்த இப்படித் தள்ளு சாமி” என்றாள்.

தள்ளினேன்.